பர்மா டீச்சர் பதில்கள்

"என் மகளுக்குப் பத்து வயது. இங்கே பள்ளியில் அவள் 'இந்தியப் பெண்'. லீவுக்குத் திருச்சி வந்தால் மாமியாரும் தெருப்பிள்ளைகளும் 'அமெரிக்காக்காரி' என்கிறார்கள். போன மாதம் 'நான் எந்த ஊரும்மா?' என்று கேட்டுவிட்டாள். என்ன சொல்வது டீச்சர்?"
– ஒரு வாசகி, டல்லாஸ்

என் பெயரையே பாருங்களேன். வியாசர்பாடிப் பக்கம் முப்பத்தோரு வருஷம் கணக்கு டீச்சராக இருந்தேன். பிள்ளைகள் வைத்த பெயர் பர்மா டீச்சர். பர்மாவில் இருந்தபோது எங்களுக்குப் பெயர் 'கலா'. இந்தியாவிலிருந்து வந்தவர்களை அப்படித்தான் சொல்வார்கள். சொல்கிற தொனியில் அது ஏச்சாகிவிடும்.

நான் பிறந்தது ரங்கூனில். தாத்தா திருவாடானைப் பக்கத்திலிருந்து கப்பலேறிப் போனவர். 1931 கணக்கெடுப்பில் ரங்கூன் ஜனத்தொகையில் பாதிக்கு மேல் இந்தியர்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். 1942இல் ஜப்பான் குண்டு போட்டபோது தாத்தா நடந்தே இந்தியா வந்து, சண்டை முடிந்ததும் திரும்பப் போனார். அப்பாவுக்கு அந்த வாய்ப்பு இல்லை. 1964 மார்ச்சில் ராணுவத் தளபதி நே வின் அரசாங்கம் கடைகளை எடுத்துக்கொண்டது. அதில் எங்கள் மளிகைக் கடையும் போனது. மே மாதம் ஐம்பது, நூறு கியாட் நோட்டுகள் செல்லாது என்றார்கள். அப்பா தகர டப்பாவில் வைத்திருந்தது எல்லாமே நூறு கியாட் நோட்டு. கப்பலேறும்போது எனக்கு ஒன்பது வயது. சோதனை போட்ட பெண் என் காதிலிருந்த தோட்டைக் கழற்றி வாங்கிக்கொண்டாள். துளை தூர்ந்துவிடக் கூடாதென்று அம்மா துடைப்பக் குச்சியை ஒடித்துச் செருகிவிட்டார்.

சென்னையில் பள்ளிக்கூடம் சேர்ந்த முதல் நாள், கன்னத்தில் தனக்கா பூசிக்கொண்டு போனேன். ஒரு மரப்பட்டையைக் கல்லில் இழைத்துப் பூசுவது. அங்கே அதைப் பூசாத பெண்பிள்ளையே கிடையாது. இங்கே வகுப்பே சிரித்தது. "சுவத்துக்கு வெள்ளையடிச்ச மாதிரி இருக்குடி" என்றாள் பக்கத்து பெஞ்சுக்காரி. மறுநாள் பூசவில்லை. அந்த வருஷம் அப்பா எங்களைத் தாத்தா ஊருக்குக் கூட்டிப்போனார். பெரியப்பா வீட்டில் கறிச்சோறு போட்டார்கள். கை கழுவும்போதே கேட்டுவிட்டார்கள், "அப்புறம், எப்போ ரங்கூன் திரும்புறீங்க?" அதற்குப் பிறகும் அப்பா எந்தப் படிவத்திலும் 'சொந்த ஊர்' என்ற இடத்தில் அந்தக் கிராமத்தின் பெயரைத்தான் எழுதினார். கையெழுத்து மட்டும் அந்த ஒரு வரியில் சிறிதாகிவிடும்.

இதையெல்லாம் அழுவதற்காகச் சொல்லவில்லை. எங்கள் தெருமுனையில் ஒரு மளிகைக்கடை அண்ணாச்சி இருந்தார். கடைக்குப் போனால் அம்மா என்னிடம் பர்மியத்தில்தான் விலை பேசுவார். அண்ணாச்சிக்குப் புரியாதல்லவா? ஒருநாள் வெங்காயத்துக்கு, "சௌக்" என்று என் காதில் முணுமுணுத்தார். ஆறணாவுக்கு மேல் தராதே என்று அர்த்தம். அண்ணாச்சி தராசிலிருந்து தலையைத் தூக்காமலே, "சௌக் கட்டாதும்மா, குன்னித் குடுங்க" என்றார். ஏழு! இத்தனை மாதமாக எங்கள் வாயைப் பார்த்தே மனுஷர் எண்ணக் கற்றுக்கொண்டிருக்கிறார். அம்மா அப்படிச் சிரித்து, கப்பல் ஏறியபின் நான் பார்த்ததில்லை. ஏழணாவே கொடுத்துவிட்டு வந்தோம். வீட்டுக்கு வந்தவர்களிடம் எல்லாம், "நம்ம கடைக்காரரு" என்று அந்தக் கதையைச் சொன்னார். அந்த 'நம்ம' அன்றைக்குத்தான் வந்தது.

உங்கள் மகளிடம், "நீ ரெண்டு ஊர்க்காரி கண்ணு, உனக்கு ரெண்டு மடங்கு சொத்து" என்று மட்டும் சொல்லாதீர்கள். அது நம்மை நாமே தேற்றிக்கொள்ளும் பேச்சு. பிள்ளைக்கு அது பதில் இல்லை. பிறந்தது டல்லாஸ், அப்பா ஊர் திருச்சி, அதற்கு முன்னால் யார் எங்கிருந்து எதற்காகக் கிளம்பினார்கள் என்று நடந்ததை நடந்தபடி சொல்லுங்கள். அடுத்த முறை திருச்சி வரும்போது கையில் காசு கொடுத்து, தனியாகக் கடைக்கு அனுப்புங்கள். தப்பும் தவறுமாகத் தமிழ் பேசட்டும். தினமும் ஒரே கடைக்குப் போகட்டும். மாமியாரிடமும் தனியாக ஒரு வார்த்தை: "அத்தை, விளையாட்டுக்குக்கூட அவளை அமெரிக்காக்காரின்னு கூப்பிடாதீங்க." வயசானவர்கள் கோபித்துக்கொள்வார்கள்தான். பரவாயில்லை, கோபித்துக்கொள்ளட்டும்.

"பீச் ஸ்டேஷன் பக்கம் விற்கிற அத்தோ பர்மா சாப்பாடா, சென்னை சாப்பாடா? நண்பர்களுக்குள் பந்தயம்."
– ஒரு வாசகர், மந்தைவெளி

பந்தயக் காசைப் பாதியாகப் பிரித்துக்கொள்ளுங்கள். பர்மியத்தில் 'அதோக்' என்றால் கையால் பிசைந்து கலந்தது. நூடுல்ஸும் கலக்கலாம், தேயிலையும் கலக்கலாம், இஞ்சியும் கலக்கலாம். இங்கே அது ஒரே பண்டத்துக்குப் பெயராகிவிட்டது. ஆரஞ்சு நிற நூடுல்ஸ், முட்டைக்கோஸ், வறுத்த வெங்காயம், பூண்டு எண்ணெய், புளித்தண்ணி, மேலே நொறுக்கிப் போட்ட பேஜோ என்கிற மொறுமொறு தட்டை. அந்தக் காரமும் கலரும் நம்மூர்க் கைவேலை. கூடவே ஊற்றித் தருகிறார்களே வாழைத்தண்டு சூப், அது மொய்ங்கா என்கிற பர்மிய மீன் சூப் நூடுல்ஸின் தம்பி. அங்கே கெளுத்தி மீனைக் கரைத்து ஊற்றிக் காய்ச்சுவார்கள். இங்கே பல கடைகளில் மீன் காணாமல் போய், தண்டு மட்டும் மிதக்கிறது. அவித்த முட்டையைக் கீறி வறுத்த வெங்காயம் திணித்துத் தருவதைக் குறை சொன்னால் எனக்குக் கோபம் வரும். அது யார் கண்டுபிடித்ததாக இருந்தாலும் சரி.

"மணிப்பூர் எல்லையில் தமிழர்கள் கட்டிய அம்மன் கோயில் இருக்கிறதாமே?"
– ஒரு வாசகி, சேலம்

இருக்கிறது. ஊர் பெயர் மோரே. அங்காள பரமேஸ்வரி கோயில். எங்களோடு வந்தவர்களில் சிலருக்கு இந்த ஊர் ஒட்டவே இல்லை. திரும்ப பர்மாவுக்கே போய்விடலாம் என்று தரைவழியாகக் கிளம்பிவிட்டார்கள். எல்லையில் பர்மாக்காரர்கள் உள்ளே விடவில்லை. திரும்பி வரவும் மனசில்லை. அங்கேயே குடிசை போட்டு, கடை போட்டு, கோயிலும் கட்டிவிட்டார்கள். கைக்கெட்டும் தூரத்தில் தமு என்ற பர்மிய ஊர். அப்பாவின் சிநேகிதர் ஒருவரும் அப்படிக் கிளம்பிப் போனவர்தான். அப்பா அவரைப் பைத்தியக்காரன் என்பார். அவர் கிளம்பிய அன்று ராத்திரி மட்டும் அப்பா வாசலிலேயே உட்கார்ந்திருந்தார்.

"அடுத்த பிறவி என்று ஒன்று இருந்தால் எந்த ஊரில் பிறக்க ஆசை?"
– ஒரு வாசகர், தாம்பரம்

தண்ணீர் லாரிக்காகக் காத்திருக்க வேண்டாத எந்த ஊராக இருந்தாலும் சரி.

"நீங்கள் மறுபடி ரங்கூனுக்குப் போனீர்களா? வீட்டைப் பார்த்தீர்களா?"
– ஒரு வாசகி, பர்மா காலனி, காரைக்குடி

ரிட்டையர் ஆன மறு வருஷம், 2014இல், மகன் கூட்டிப்போனான். நாங்கள் இருந்த மொகல் தெருவுக்கு இப்போது ஷ்வே போன்தா தெரு என்று பெயர். எங்கள் வீடு இருந்த இடத்தில் செல்போன் கடை. மாடிப்படி மட்டும் பழசா, அதுவும் புதுசா என்று எனக்குத் தெரியவில்லை. தெரிந்த மாதிரி மகனிடம் தலையாட்டினேன், பாவம், அத்தனை செலவு செய்திருக்கிறான். 1871இல் நம் ஆட்கள் கட்டிய காளி கோயில் அப்படியே இருக்கிறது. திரும்பி வராமல் அங்கேயே தங்கிவிட்ட சித்தப்பா மகனை அங்கேதான் சந்தித்தேன். அவனுக்கு வெளியே பர்மியப் பெயர், வீட்டில் முனியாண்டி தாத்தாவின் பெயர். தமிழ் பேசுகிறான், படிக்கத் தெரியாது. அந்த நாட்டின் 1982 குடியுரிமைச் சட்டம் 1823க்கு முன்பே அங்கிருந்த இனங்களைத்தான் மண்ணின் மக்களாக எடுத்துக்கொள்கிறது. அதைப் பற்றிக் கேட்டேன். கோயிலில் பேச வேண்டாம் அக்கா என்றான்.

கடைசி நாள் காலை தெருவோரம் குட்டி ஸ்டூலில் உட்கார்ந்து மொய்ங்கா சாப்பிட்டோம். பர்மியம் சுத்தமாக மறந்துவிட்டது என்று மகனிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். கடைக்காரி, "ங்காயா" என்றாள். கைடு மொழிபெயர்ப்பதற்குள் ஐநூறு கியாட் நோட்டை நீட்டியிருந்தேன். மொய்ங்காவில் மீன் வாடை கொஞ்சம் தூக்கல்.