மழை இருட்டினாலே மகளுக்கு வயிற்றுவலி

கேள்வி: இலங்கையின் பதுளை மாவட்டத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் இருக்கிறோம். 2025 நவம்பரில் டித்வா புயல் மழையின்போது எங்கள் லயத்துக்கு (தொழிலாளர் வரிசை வீடுகளுக்கு) மேலே மண் சரிந்தது. ராத்திரியோடு ராத்திரியாகப் பாடசாலைக்கு ஓடித் தப்பினோம். அதிலிருந்து 9 வயது மகள் மழை இருட்டினாலே வயிறு வலிக்கிறது என்கிறாள். பாடசாலைக்குப் போக மறுக்கிறாள், என்னையும் பெரட்டுக்கு (காலையில் வேலைக்குப் பெயர் கொடுக்க) போக விடுவதில்லை. சில இரவுகளில் படுக்கையில் சிறுநீர் போய்விடுகிறது. கோயிலில் நூல் கட்டினோம். மருந்து ஏதும் உண்டா?

பதில்: மகள் நடிக்கவில்லை, அம்மா. பயம் வந்தால் குடல் இறுகும்; அந்த வலி உண்மையானது. ஆனாலும் முதலில் ஒருமுறை சிறுநீரைப் பரிசோதித்துவிடுங்கள். சிறுநீர்த் தொற்றும் இப்படிப் படுக்கையை நனைக்கும். அளவுக்கு மீறிய தாகமும் உடல் மெலிவும் சேர்ந்திருந்தால் அன்றைக்கே இரத்தத்தில் சீனியும் பார்க்க வேண்டும். காய்ச்சல், வாந்தி, வலப்பக்க அடிவயிற்றில் விடாத வலி இருந்தால் அதைப் பயம் என்று விட்டுவிடாமல் உடனே காட்டுங்கள். தூங்க வைப்பதற்காகச் சளி மருந்து கொடுக்கும் பழக்கம் நம் பக்கம் உண்டு. அது வேண்டாம். நூல் இருக்கட்டும், அதனால் கெடுதல் இல்லை.

படுக்கை நனைவதற்கு லயத்தின் அமைப்பும் ஒரு காரணமாக இருக்கலாம். கக்கூஸ் வெளியே; மழையிலும் இருட்டிலும் போகப் பயந்து அடக்கிக்கொண்டே தூங்கிவிடுவாள். மூடியுள்ள வாளி ஒன்றைக் காம்பராவுக்குள்ளேயே (அறைக்குள்ளேயே) வையுங்கள். படுப்பதற்கு ஒன்றரை மணி நேரத்துக்கு முன்பே தண்ணீர், தேத்தண்ணீரை நிறுத்தி, படுக்கும்போது ஒருமுறை போகச் சொல்லுங்கள். நனைந்த பாயை இஸ்தோப்பில் (வாசல் திண்ணையில்) எல்லோரும் பார்க்கக் காயப்போடாதீர்கள்.

இனி முக்கியமான விஷயம். "ஒன்றும் ஆகாது, பயப்படாதே" என்று சொல்லாதீர்கள். மலை சரிந்ததை அவள் கண்ணால் பார்த்தவள். அந்தச் சொல்லை அவள் நம்பமாட்டாள். அப்புறம் உங்களையும் நம்பமாட்டாள். "மழை பெய்யும்போதெல்லாம் மலை சரியாது. சரியும் போல இருந்தால் என்ன செய்வது என்று அம்மாவுக்குத் தெரியும்" என்று சொல்லுங்கள். அந்தத் திட்டம் நிஜமாகவே இருக்க வேண்டும். ஒரு பையில் பிறப்புச் சான்றிதழ்கள், ஒரு சோடி உடுப்பு, பிஸ்கட், டோர்ச் வையுங்கள். டோர்ச்சுக்கு அவளே பொறுப்பு. எந்தப் பாதையில் எங்கே போவது என்று வெயில் நாளில் இரண்டு முறை நடந்து பாருங்கள்.

மண்சரிவு எச்சரிக்கையைத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மூன்று கட்டமாக விடுகிறது. 24 மணி நேர மழை 75 மில்லிமீட்டரைத் தாண்டினால் விழிப்பு, 100 தாண்டினால் ஆயத்தம், 150 தாண்டினால் வெளியேற்றம். நேரான சுவருள்ள பால்மா டின் ஒன்றைக் கூரைத் தண்ணீர் விழாத வெளியில் வைத்து, காலையில் ஒரு தரம் அடிமட்டத்தால் அவளையே அளந்து எழுதச் சொல்லலாம், 7.5 சென்டிமீட்டர்தான் அந்த 75. இருண்ட வானத்தைக் கண்டு நடுங்குகிற பிள்ளைக்கு, பெரும்பாலான மழை இரண்டு சென்டிமீட்டரோடு நின்றுவிடுவதைத் தானே பார்ப்பது பெரிய ஆறுதல். அளப்பது நாளுக்கு ஒரு தரம்தான். அடிக்கடி போய்ப் பார்த்தால் பயம் கூடும். வெளியேறுவதை இந்த டின்னை வைத்து முடிவு செய்யாதீர்கள், அறிவித்தலைக் கேளுங்கள். பல நாள் ஊறிய மண் குறைந்த மழைக்கும் சரியும். நிலத்தில் வெடிப்பு, சாயும் மரம், திடீரெனக் கலங்கும் ஊற்று கண்டால் உடனே விலகி, கிராம அலுவலருக்கும் 117 என்ற அனர்த்த அவசர எண்ணுக்கும் சொல்லுங்கள். அப்படிப்பட்ட இடத்தில் பிள்ளையின் பயம் நோயல்ல, சரியான கணிப்பு. அங்கே முதல் சிகிச்சை இடம் மாறுவதுதான்.

மூச்சுப் பயிற்சி உதவும். மூக்கால் 3 எண்ணும் வரை மெதுவாக இழுத்து, 5 எண்ணும் வரை விட வேண்டும்; காலையும் மாலையும் ஐந்து நிமிடம். பெரிதாக இழுத்தால் தலை சுற்றும், விரல் மரக்கும், பிள்ளை இன்னும் பயப்படும். இடி இடிக்கும்போது முதன்முதலாகச் சொல்லிக்கொடுத்தாலும் பலிக்காது. வெயில் நாட்களில் இரண்டு வாரம் பழகியிருக்க வேண்டும்.

பாடசாலையை நிறுத்தாதீர்கள். வீட்டில் வைத்துக்கொண்டால் இன்றைக்கு வலி நிற்கும், நாளைக்கு இரட்டிப்பாக வரும். முதல் இரண்டு நாள் இரண்டு பாடவேளை, பிறகு இடைவேளை வரை, அப்புறம் முழு நாள் என்று வகுப்பாசிரியரோடு பேசி ஏற்பாடு செய்யுங்கள். வலி என்றால் பத்து நிமிடம் உட்காரட்டும். வீட்டுக்கு அனுப்ப வேண்டாம். அவள் தூங்கும்போது சொல்லாமல் பெரட்டுக்குப் போய்விடாதீர்கள். "கொழுந்தை எடை போட்டுட்டு வந்துடுவேன்" என்று முகம் பார்த்துச் சொல்லிப் போங்கள், சொன்னபடி வாருங்கள். இரவில் பெரியவர்கள் மண்சரிவு வீடியோ பார்த்துப் பேசுவது ஒற்றைக் காம்பராவில் அவள் காதில் விழாமல் போகாது.

புயல் முடிந்து ஒரு மாதத்துக்கு மேலாகியும் இவ்வளவு இருப்பதால், பக்கத்து ஆதார வைத்தியசாலையின் மனநலக் கிளினிக்கில் இப்போதே காட்டுங்கள். இதற்குப் பெரும்பாலும் மாத்திரை தேவைப்படாது. பேச்சு வழிச் சிகிச்சையே முதன்மை. 1926 என்ற மனநல உதவி எண்ணுக்கு அழைத்தும் ஆலோசனை கேட்கலாம். செத்துப்போகலாம் என்ற பேச்சு வந்தாலோ சாப்பாட்டை விட்டாலோ அன்றைக்கே கொண்டு போங்கள். போகும்போது ஒரு வாரத்துக்கான குறிப்பு எழுதிக்கொண்டு போங்கள்: எந்த நாள் மழை, எப்போது வலி, எத்தனை மணிக்குத் தூங்கினாள், படுக்கை நனைந்ததா. வைத்தியருக்கு அது பாதி வேலையை முடித்துக் கொடுக்கும்.