பதில்: மூக்குப் பட்டையை இறுக்கச் சொல்கிறார் பயிற்சியாளர்

மகள் ஏறும் குதிரை வாயைத் திறந்துகொண்டே இருக்கிறது, பயிற்சியாளர் மூக்குப் பட்டையை (மூக்கையும் தாடையையும் சுற்றிக் கட்டும் வார்) இன்னும் இறுக்கச் சொல்கிறார் என்கிறீர்கள். இறுக்க விடாதீர்கள் சகோ. பட்டைக்கும் மூக்கெலும்புக்கும் நடுவே இரண்டு விரல் நுழைய வேண்டும். கன்னத்துப் பக்கம் பார்த்தால் ஏமாந்துவிடுவீர்கள். அங்கே சதை அமுங்கிக் கொடுக்கும். மூக்கின் மேல்புறம் விரலை விட்டுப் பாருங்கள். சர்வதேசப் போட்டிகளிலேயே 2025 முதல் இதற்கென்று ஓர் அளவுகோல் வந்துவிட்டது.

குதிரை வாயைத் திறக்கக் காரணம் இருக்கும். பல் கூராகியிருக்கலாம், வாயிரும்பு (கடிவாளத்தில் வாய்க்குள் போகும் துண்டு) பொருந்தாமல் இருக்கலாம், இல்லை கடிவாளத்தை இழுக்கும் கை கடுமையாக இருக்கலாம். வாயைக் கட்டினால் வலி போகாது, வெளியே தெரியாது, அவ்வளவுதான். முதலில் கால்நடை மருத்துவரிடம் பல்லைக் காட்டச் சொல்லுங்கள். அதுவரை மகளை ஏற்ற வேண்டாம். வலியில் இருக்கும் குதிரை சட்டென்று முன்னங்காலைத் தூக்கி எழும். பயிற்சியாளர் மறுத்தால் வேறு இடம் பாருங்கள். 2021இல் டோக்கியோ ஒலிம்பிக்கில் முரண்டு பிடித்த குதிரையைக் கைமுட்டியால் குத்திய பயிற்சியாளரையே வெளியேற்றினார்கள்.