‘இஃப்’ வந்தால் இறந்தகாலம் ஏன்?

கேள்வி: ‘இஃப் ஐ வேர் எ பேர்ட், ஐ வுட் ஃப்ளை’ என்று பள்ளியில் மனப்பாடம் செய்தோம். ‘ஐ’ என்பதற்குப் பின் பன்மைக்குரிய ‘வேர்’ எப்படி வந்தது? பேச்சு இன்றைய நிலையைப் பற்றியது என்றால் அங்கே இறந்தகாலத்துக்கு என்ன வேலை?
— கல்லூரி மாணவி, திருச்சி

பதில்: இரண்டாவது கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். ‘நாளை அவர் வந்தால் சொல்கிறேன்’ என்கிறோம். ‘வந்தேன்’ என்பதில் உள்ள அதே இறந்தகால அடிதான் ‘வந்தால்’ என்பதிலும் இருக்கிறது. ஆனாலும் அவர் நேற்றே வந்துவிட்டதாக யாரும் எண்ணுவதில்லை. ஆக, இறந்தகால வடிவம் கடந்துபோன காலத்தை மட்டுமே குறிக்க வேண்டும் என்ற கட்டாயம் நம் மொழியிலும் இல்லை. ஆனால் தமிழ் எல்லா நிபந்தனைகளுக்கும் இந்த வடிவத்தையே பயன்படுத்த, ஆங்கிலம் நடக்கக்கூடியதையும் வெறும் கற்பனையையும் வினை வடிவத்தாலேயே பிரித்துவிடுகிறது. ‘பணம் இருந்தால் வாங்குவேன்’ என்பதைப் பையைத் துழாவிக்கொண்டே சொல்பவர் ‘இஃப் ஐ ஹாவ் த மணி, ஐ வில் பை இட்’ என்பார். கையில் காசில்லை என்று தெரிந்தே ஏங்குபவர் ‘இஃப் ஐ ஹேட் த மணி, ஐ வுட் பை இட்’ என்பார். தமிழில் இந்த ஏக்கத்தைக் குரலோ, ‘என்னிடம் மட்டும் பணம் இருந்தால்’ என்பதில் வரும் ‘மட்டும்’ என்ற சொல்லோ காட்டிவிடும்.

இனி ‘வேர்’. அது இங்கே பன்மை அன்று. பழைய ஆங்கிலத்தில் உண்மையல்லாததையும் விருப்பத்தையும் சொல்லத் தனி வினை வடிவங்கள் இருந்தன. அவற்றுள் ஒருமைக்கு உரியதாக இருந்த ஒன்றின் எச்சமே இது. பேச்சில் ‘இஃப் ஐ வாஸ்’ இன்று பரவலாகிவிட்டது, அதைப் பிழை என்று நான் சொல்லமாட்டேன். தேர்வுத்தாளிலும் ‘இஃப் ஐ வேர் யூ’ என்ற தொடரிலும் மட்டும் ‘வேர்’ எழுதுவது நல்லது.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் நம்மவர்கள் அதிகம் சறுக்குவது அங்கேதான். ‘தெரிந்திருந்தால் வந்திருப்பேன்’ என்பதில் இரண்டு பக்கமும் ‘இரு’ வருவதால், பலர் ஆங்கிலத்திலும் இரண்டு பக்கமும் ‘வுட் ஹாவ்’ போட்டுவிடுகிறார்கள். ‘இருந்தால்’ என்பதற்கு ‘ஹேட்’, ‘இருப்பேன்’ என்பதற்கு ‘வுட் ஹாவ்’ என்று கொண்டால் ‘இஃப் ஐ ஹேட் நோன், ஐ வுட் ஹாவ் கம்’ என்ற சரியான வாக்கியம் கிடைத்துவிடும்.

அதற்காக ‘இஃப்’ வந்த இடமெல்லாம் ‘வேர்’ போட்டுவிடாதீர்கள். நேற்று அவர் அங்கே இருந்தாரா இல்லையா என்பது உங்களுக்குத் தெரியாமல், இருந்திருந்தால் அதைப் பார்த்திருப்பார் என்று ஊகிக்கும்போது, ‘இஃப் ஹி வாஸ் தேர் யெஸ்டர்டே, ஹி மஸ்ட் ஹாவ் ஸீன் இட்’ என்று ‘வாஸ்’ போடுவதே முறை. அங்கே இறந்தகாலம் உண்மையாகவே நேற்றைத்தான் குறிக்கிறது.