நான்காவது சர்வர் வாங்கலாமா?

கேள்வி: எங்கள் அலுவலகத்தில் குபர்நெட்டிஸ் (பல சர்வர்களில் செயலிகளை ஓட்டி நிர்வகிக்கும் மென்பொருள்) ஓடுகிறது. அதன் நிலவரம் முழுவதும் பதிவாகும் தரவுத்தளமான எட்சிடி மூன்று சர்வர்களில் இருக்கிறது. போன மாதம் ஒன்று அடிக்கடி மக்கர் செய்தது. "நாலாவதா ஒண்ணு வாங்கி, ரெண்டு டேட்டா சென்டர்ல ரெண்டு ரெண்டா வெச்சிடு" என்கிறார் மேலாளர். செய்யலாமா?

பதில்: வேண்டாம். பணம்தான் செலவாகும், பாதுகாப்பு கூடப்போவதில்லை.

எட்சிடியில் நிரந்தரத் தலைவர் கிடையாது. சர்வர்களே தங்களுக்குள் வாக்களித்து ஒன்றைத் தலைவராக்குகின்றன. தலைவர் அனுப்பும் ஒவ்வொரு பதிவையும் பாதிக்கு மேற்பட்டவை தம் வட்டில் எழுதிய பிறகுதான் அது செல்லுபடியாகும். ராஃப்ட் என்ற இந்த முறையை ஸ்டான்ஃபோர்டின் டியேகோ ஒங்காரோவும் ஜான் ஔஸ்டர்ஹவுட்டும் 2014-ல் வெளியிட்டார்கள். இதே வேலைக்கு முன்பே இருந்த, கணினி விஞ்ஞானி லெஸ்லி லாம்போர்ட்டின் பாக்சோஸ் முறை மண்டையை உடைக்கிறது என்பதால், படித்தால் புரிகிற ஒன்றாக வேண்டும் என்றே செய்தது. இரண்டையும் படித்தவன் என்ற முறையில் சொல்கிறேன், ஜெயித்துவிட்டார்கள்.

இதில் எல்லாமே ஒரு எளிய கணக்கில் நிற்கிறது. ஒரே கூட்டத்தில் இரண்டு பெரும்பான்மைகளை எப்படி எடுத்தாலும், குறைந்தது ஒரு சர்வராவது இரண்டிலும் இருக்கும். தான் ஏற்கெனவே யாருக்கு வாக்களித்தோம் என்பது அதற்குத் தெரியும், அதே சுற்றில் வேறொன்றுக்குப் போடாது. அதனால் ஒரே சுற்றில் இரண்டு தலைவர்கள் வர முடியாது.

இப்போது உங்கள் எண்ணிக்கைக்கு வருவோம். மூன்றில் பெரும்பான்மை இரண்டு. ஒன்று விழுந்தால் தாங்கும். நான்கில் பெரும்பான்மை மூன்று. அப்போதும் ஒன்றைத்தான் தாங்கும். பழுதாக ஒரு மெஷின் கூடியதுதான் மிச்சம். இரண்டைத் தாங்க வேண்டுமென்றால் ஐந்து வேண்டும்.

இரண்டிரண்டாகப் பிரிப்பது இன்னும் மோசம். நடுவில் கேபிள் அறுந்தது என்று வையுங்கள். நான்கு சர்வரும் நன்றாகத்தான் இருக்கும், ஆனால் எந்தப் பக்கத்திலும் மூன்று வாக்கு தேறாது. ஓடிக்கொண்டிருக்கும் பாட்கள் (குபர்நெட்டிஸ் ஓட்டும் செயலிகள்) ஓடும். புதிதாக எதையும் ஏற்றவோ மாற்றவோ முடியாது. அவசரத்தில் இரண்டு பக்கமும் தனித்தனியாகக் கட்டாயமாகக் கிளப்பிவிட்டால், ஒரே கடைக்கு இரண்டு கணக்குப் புத்தகம் ஆகிவிடும். பிறகு எதை நம்புவது?

இது வெறும் பயமுறுத்தல் இல்லை. 2018 அக்டோபர் 21 அன்று, நிரல்களைச் சேமித்துப் பகிரும் தளமான கிட்ஹப்பில் வெறும் 43 விநாடி நெட்வொர்க் இணைப்பு அறுந்தது. பெரும்பான்மை இருந்த பக்கம் முறைப்படிதான் டேட்டாபேஸ் தலைமையை அமெரிக்காவின் மேற்குக் கரைக்கு மாற்றியது. ஆனால் கிழக்கில் எழுதியிருந்த சில பதிவுகள் மேற்குக்குப் போய்ச் சேரவில்லை. எல்லாம் சீராக 24 மணி 11 நிமிடம் ஆனது. தலைவரைத் தேர்ந்தெடுக்க மட்டும் வாக்கு வைத்து, தரவை எழுதுவதற்கு வாக்கு வைக்காவிட்டால் இதுதான் கதி.

மூன்றாவதாக ஓர் இடம் கிடைத்தால், இடத்துக்கு ஒன்றாக மூன்றை வையுங்கள். தொலைவு அதிகமென்றால் தேர்தல் காலக்கெடுவை (தலைவரிடமிருந்து சத்தமே இல்லையென்றால் தேர்தலை ஆரம்பிக்குமுன் காத்திருக்கும் நேரம், தொடக்கத்தில் 1000 மில்லிசெகண்ட் இருக்கும்) கூட்ட வேண்டிவரும். சர்வர்களுக்கிடையே ஒரு செய்தி போய்வரும் நேரத்தைப் போலக் குறைந்தது பத்து மடங்கு இருக்கட்டும். மூன்றாவது இடம் இல்லையா? மூன்றையும் ஒரே டேட்டா சென்டரில் வெவ்வேறு ரேக்கில் வைத்து, ஸ்னாப்ஷாட்டை (அந்த நேரத்துத் தரவின் நகலை) மட்டும் அடுத்த இடத்துக்கு அனுப்புங்கள். நானாக இருந்தால் இதைத்தான் செய்வேன்.

செத்த சர்வரை மாற்றும்போது முதலில் பழையதை நீக்குங்கள், பிறகு புதியதைச் சேருங்கள். வரிசை மாறி, புதியதும் சரியாகக் கிளம்பாவிட்டால், கணக்கில் நான்கு, உயிரோடு இரண்டு என்றாகி எல்லாம் உறைந்துவிடலாம்.

அதற்கும் முன்னால், மக்கர் செய்த அந்த சர்வரின் வட்டைப் பாருங்கள். வட்டில் எழுதுவது தாமதமானால், 'உயிரோடு இருக்கிறேன்' என்று தலைவர் அடிக்கடி அனுப்பும் துடிப்புச் செய்தியும் தாமதமாகும். மற்றவை தலைவர் போய்விட்டதென்று தேர்தலை ஆரம்பித்துவிடும். நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது தடவையாவது எழுதுவது 10 மில்லிசெகண்டுக்குள் முடிய வேண்டும். முடியவில்லையென்றால், நான்காவது சர்வருக்கு வைத்த பணத்தில் மூன்று நல்ல எஸ்எஸ்டி (வேகமான வட்டு) வாங்கிப் போடுங்கள்.