புதுசா லீக்கில் சேரும் ஐஸ் ஹாக்கி அணி வீரர்களை எங்கிருந்து பிடிக்கிறது? சம்பள உச்சவரம்பு (ஓர் அணி ஒரு சீசனில் தன் வீரர்களுக்கு மொத்தமாகத் தரக்கூடிய சம்பளத்துக்கு லீக் போடும் எல்லை) அதற்குத் தடையா?

தடைதான், ஆனால் பழைய அணிகளுக்கு. புது அணிக்கு அதுவே பிடி.

வட அமெரிக்காவின் என்ஹெச்எல் லீக்கில் 2017-இல் வேகாஸ் கோல்டன் நைட்ஸ் 50 கோடி டாலர் கட்டி உள்ளே வந்தது. இருந்த 30 அணிகளும் ஏழு முன்கள வீரர்கள், மூன்று தடுப்பாளர்கள், ஒரு கோல்கீப்பர் என்று (அல்லது எட்டுப் பேரும் ஒரு கோல்கீப்பரும்) பத்திரப்படுத்திக்கொள்ளலாம். மிச்சத்தில் அணிக்கு ஒருவர் வீதம் வேகாஸ் எடுக்க வேண்டும்.

மிச்சம் என்றால் கழிவுதானே என்று தோன்றும். அங்கேதான் விஷயம். அந்த சீசனின் உச்சவரம்பு 7.5 கோடி டாலர். பழைய அணிகள் பலவும் நீண்ட ஒப்பந்தங்களில் சிக்கிக் கழுத்தளவு நின்றன. வேகாஸுக்கோ சம்பளக் கணக்கே காலி, உச்சவரம்பு வரை இடம் கிடந்தது. "இந்தச் சுமையை வாங்கிக்கோ, கூட ஒரு நல்ல பையனும் தர்றோம்" என்று பேரம் நடந்தது. கொலம்பஸ் அணி டேவிட் கிளார்க்சனின் ஒப்பந்தத்தைத் தள்ளிவிட இளம் வீரர்களை எடுக்கும் முதல் சுற்றுத் தேர்வு உரிமையையே கொடுத்தது. அதே பேரத்தில் வந்த வில்லியம் கார்ல்சன் முதல் சீசனிலேயே 43 கோல். வேகாஸ், லீக் சாம்பியனுக்கான ஸ்டான்லி கோப்பை இறுதி வரை போனது.

2021-இல் அடுத்த புது அணியாக வந்த சியாட்டிலுக்கு அப்படி வாய்க்கவில்லை. சூடுபட்ட அணிகள் உஷாராகிவிட்டன.

வேடிக்கை என்னவென்றால், அதே ஆண்டு வேகாஸே உச்சவரம்பில் மாட்டி, தன் செல்ல கோல்கீப்பர் ஃப்ளூரியைச் சும்மா போல சிகாகோவுக்கு அனுப்பியது.