மூன்றே முக்காலுக்கு இருட்டிவிடும் ஊர்

வாசகர் கேள்வி பதில்

கேள்வி: லண்டனில் ஓர் அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். எங்கள் பிரிவில் 16 பேர். டிசம்பர் இரண்டாம் வாரத்தில் ஒரு நாள் எல்லோரையும் யார்க் நகருக்குக் கூட்டிப்போகும் பொறுப்பை மேலாளர் என் தலையில் கட்டிவிட்டார். சிலர் மதுவைத் தொடமாட்டார்கள். ஒருவருக்கு முழங்கால் வலி. புதிதாகச் சேர்ந்த இருவர் யாரோடும் பேசுவதே இல்லை. கயிறு இழுப்பது, கண்ணைக் கட்டிக்கொண்டு நடப்பது போன்ற 'டீம் பில்டிங்' விளையாட்டுகள் எனக்கே பிடிக்காது. வேறு என்ன செய்யலாம்?

பதில்: கடிகாரத்திலிருந்து தொடங்குங்கள். டிசம்பர் நடுவில் யார்க்கில் சூரியன் 3.40 வாக்கில் மறைந்துவிடும். கிங்ஸ் கிராஸிலிருந்து இரண்டு மணி நேரம் போல ரயில் பயணம். காலை பத்தரைக்குப் போய் இறங்கினாலும் உங்கள் கையில் இருக்கும் வெளிச்சம் ஐந்து மணி நேரம்தான். வெளியே செய்ய வேண்டியதையெல்லாம் மதியச் சாப்பாட்டுக்கு முன்பே முடித்துவிடுங்கள்.

இதைப் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். லீட்ஸில் 19 ஆண்டுகள் அலுவலக நிர்வாகம் பார்த்தவள் நான். அங்கிருந்து யார்க் அரை மணி நேரம்கூட ஆகாது. 2010 டிசம்பர், இங்கிலாந்து நூறு ஆண்டுகளில் கண்டிராத குளிர். அந்த மாதம் பார்த்து 11 பேரை யார்க் மதில்மேல் நடக்கவைத்துப் புதையல் வேட்டை நடத்தத் திட்டமிட்டேன். மதில் மொத்தம் மூன்று கிலோமீட்டருக்கு மேல் நீளும். நல்ல வெயிலில் அதைவிட இனிய நடை கிடையாது. நாங்கள் போனபோது 'பூதம் பார்' என்ற கோட்டை வாசலின் படிக்கட்டுக் கதவு பூட்டிக் கிடந்தது. பனி உறைந்தால் மூடிவிடுவார்கள். மேலே பல இடங்களில் உள்பக்கம் கைப்பிடிக் கம்பி கிடையாது, மூடுவது நியாயம்தான். நியாயம் எனக்குப் பின்னால்தான் புரிந்தது. அப்போது என் கையில் இருந்ததெல்லாம் 11 துப்புச் சீட்டுகள். கையுறையோடு பேனா பிடிக்க முடியவில்லை. கழற்றினால் விரல் விறைத்தது. எழுதிய இரண்டு விடைகளும் பனி பட்டு நீலமாக வழிந்தன. நாலு மணிக்கு இருட்டில் நின்றுகொண்டு, "இதில் ஜெயித்தது யார்?" என்று ஒருவர் கேட்டார். யாரும் சிரிக்கவில்லை.

(பூதம் என்பது அந்த வாசலின் பெயர், நம் காதுக்கு அப்படித்தான் விழும். பேய்க்கதை சொல்லித் தெருத் தெருவாக நடத்திப்போவதற்குப் பேர்போன ஊருக்குப் பொருத்தமான பெயர். அங்கே தெருவுக்கு 'கேட்' என்று பெயர், ஸ்காண்டிநேவியாவிலிருந்து கடல் தாண்டி வந்த வைக்கிங்குகள் விட்டுப்போன சொல். கோட்டை வாசலுக்கு 'பார்'. உண்மையான பாருக்கு 'பப்'. ஊர்க்காரர்கள் இதைச் சொல்லியே வருபவர்களைக் குழப்புவார்கள்.)

அடுத்த ஆண்டு புதையலை விட்டுவிட்டு, அந்த ஊரிலேயே இருந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டேன். உங்களுக்கும் அதைத்தான் சொல்வேன். இடைக்கால யார்க்கில் தச்சர், ரொட்டி சுடுபவர், ஆணி செய்பவர் என்று ஒவ்வொரு தொழிலுக்கும் ஒரு சங்கம் இருந்தது. ஆண்டுக்கு ஒருநாள், கோடையில், இந்தச் சங்கங்கள் பைபிள் கதையைப் படைப்பிலிருந்து கடைசித் தீர்ப்பு வரை பங்கு போட்டுக்கொண்டு, சக்கரம் வைத்த மேடைகளில் ஊர்வலமாக நடித்தன. மொத்தம் 48 நாடகங்கள். விடியலில் தொடங்கினால் முடிய நள்ளிரவு ஆகும். பங்கீட்டில் குறும்பும் உண்டு. நோவா பேழை கட்டும் காட்சி கப்பல் கட்டுபவர்களுக்கு. வெள்ளம் வரும் காட்சி மீனவர்களுக்கும் மாலுமிகளுக்கும். இயேசு சீடர்களுக்கு ரொட்டியைப் பிட்டுக் கொடுத்த கடைசி இராப்போஜனம் ரொட்டிக்காரர்களுக்கு. சிலுவையில் அறையும் காட்சி ஆணி செய்பவர்களுக்கு. 1569-க்குப் பிறகு நின்றுபோய், 1951-ல் மறுபடி உயிர்பெற்றன.

சிலுவைக் காட்சியில் நான்கு சிப்பாய்கள். துளை தள்ளி விழுந்துவிட்டது, கயிறு கட்டி இழு, பாரம் தாங்கவில்லை, தோள் போய்விட்டது என்று ஒருவரையொருவர் குறை சொல்லிக்கொண்டே வேலையை முடிப்பார்கள். என்ன கொடுமையான வேலை செய்கிறோம் என்ற நினைப்பே அவர்களுக்கு இல்லை. வேலை சரியாக வரவில்லை என்ற எரிச்சல் மட்டும்தான். படித்தபோது எனக்கு எங்கள் திங்கட்கிழமைக் கூட்டம் நினைவுக்கு வந்தது. ஆனாலும் பல மதத்தவர் இருக்கும் குழுவுக்கு அதைக் கொடுக்கவேண்டாம். நோவாவைக் கொடுங்கள். கடவுள் கப்பல் கட்டச் சொல்கிறார், நோவாவோ எனக்கு அந்த வேலை தெரியாதே என்கிறார். கடவுள் பொறுமையாக அளவு சொல்லித் தருகிறார். இன்றைய ஆங்கிலத்தில் பெயர்த்த பிரதியை வாங்கி, இரண்டு பக்கம் நகலெடுத்துக்கொண்டு போங்கள்.

போகவேண்டிய இடம் மெர்ச்சன்ட் அட்வென்ச்சரர்ஸ் ஹால். 1357-ல் கட்டத் தொடங்கிய வணிகர் மண்டபம். கடைசித் தீர்ப்பு நாடகத்தை நடத்தியவர்கள் இந்த வணிகர்கள்தான். பெரிய பெரிய மர உத்தரங்கள், கீழே ஏழைகளுக்கான மருத்துவமனையாக இருந்த தளம். நிகழ்ச்சிகளுக்கு வாடகைக்கு விடுவதால் சில நாள் மூடியிருக்கும். தொலைபேசியில் கேட்டுவிட்டுப் போங்கள். 16 பேரை நாலு நாலாகப் பிரித்து, ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு சங்கத்தின் பெயர் வையுங்கள். மண்டபத்தைச் சுற்றிப் பார்க்கட்டும். பிறகு அருகில் ஏதாவது ஒரு தேநீர்க் கடையில் உட்கார்ந்து நோவாவை உரக்கப் படிக்கட்டும். கடவுளின் வசனத்தை மேலாளருக்குக் கொடுத்துவிடாதீர்கள். பேசாத புதியவர் ஒருவருக்குக் கொடுங்கள். எங்கள் குழுவில் கணக்குப் பிரிவில் இருந்த ஒருவர் மூன்று ஆண்டுகளில் என்னிடம் பேசியது மொத்தம் பத்து வாக்கியம் இருக்கும். அன்று நோவாவுக்கு அளவு சொல்லும்போது, "முழத்தை மறுபடி ஒருமுறை சரிபார்" என்று சொந்தமாக ஒரு வரி சேர்த்தார். அதுதான் அவர் தினமும் எங்கள் பில்களைப் பார்த்து மனதுக்குள் சொல்லிக்கொண்டிருந்தது.

இருட்டிய பிறகு யோர்விக் வைக்கிங் மையத்துக்குப் போகலாம். நேரம் குறித்து முன்பதிவு அவசியம். சிறு வண்டியில் உட்காரவைத்து, பத்தாம் நூற்றாண்டுத் தெருவழியே, நாற்றம் உட்பட, சுற்றிக் காட்டுவார்கள். அங்கே ஒரு கண்ணாடிப் பெட்டியில் கல்லாகிப்போன மனித மலம் இருக்கிறது. 1972-ல் ஒரு வங்கி கட்டத் தோண்டியபோது கிடைத்தது. நீளம் 20 சென்டிமீட்டர். 2003-ல் கை தவறி விழுந்து மூன்று துண்டாகி, ஒட்டவைத்தார்கள். அதன் முன்னால் நின்று பேசாமல் இருப்பவரை நான் பார்த்ததில்லை.

முழங்கால் வலிக்காரரை மின்ஸ்டர் பேராலயக் கோபுரத்துக்கு இழுக்காதீர்கள். 275 படிகள், அதுவும் குறுகலான சுழற்படி. ஏற விரும்புபவர்கள் ஏறட்டும். அந்த நேரத்தில் அவரோடு இரண்டு பேர் ரயில் அருங்காட்சியகத்துக்குப் போகட்டும். அனுமதி இலவசம், நடை சமதளம், 1938-ல் மணிக்கு 203 கிலோமீட்டர் வேகத்தில் ஓடிய நீராவி எஞ்சின் மல்லார்ட் அங்கேதான் நிற்கிறது. சாக்லேட்டுப் பிரியர்கள் இருந்தால், 1935-ல் கிட்கேட்டை உருவாக்கிய ரவுன்ட்ரீ தொழிற்சாலை இந்த ஊரில்தான் இருந்தது என்பதையும் சொல்லி வையுங்கள். வேலைக்குப் போகிறவன் பையில் வைத்துக்கொள்ளத் தோதாக ஒன்று வேண்டும் என்று தொழிலாளி ஒருவர் ஆலோசனைப் பெட்டியில் போட்ட சீட்டிலிருந்து பிறந்ததாகச் சொல்கிறார்கள்.

கிறிஸ்துமஸ் சந்தையை நிகழ்ச்சி நிரலில் சேர்க்கவே வேண்டாம். 16 பேர் உள்ளே போனால் ஒன்பது பேர்தான் வெளியே வருவார்கள். சாப்பாட்டு மேசையை மட்டும் இன்றே பதிவு செய்துவிடுங்கள்.

கேள்வி: என் குழுவில் ஒருவர், "இந்தச் சுற்றுலாவுக்கு நான் வரவில்லை" என்கிறார். காரணம் கேட்டால் சொல்லவில்லை. வற்புறுத்தலாமா?

பதில்: கூடாது. காரணம் கேட்டதே அதிகம். வீட்டில் நோயாளி இருக்கலாம், அந்த மாதத்தில் பணம் இல்லாமல் இருக்கலாம், உங்களைப் பிடிக்காமலும் இருக்கலாம். அலுவலக நேரத்தில், அலுவலகச் செலவில் நடக்கிறது என்பதைத் தெளிவாக எழுதி எல்லோருக்கும் பொதுவாக அனுப்புங்கள். பாதிப் பேர் தயங்குவது அதற்காகத்தான்.

கேள்வி: யார்க்கில் குளிர்காலத்துக்கு எந்தக் காலணி நல்லது?

பதில்: அடித்தோல் வழுக்காதது. ஷாம்பிள்ஸ் தெருவில் பழைய மரவீடுகள் இரண்டு பக்கமும் சாய்ந்து நிற்கும். இறைச்சிக் கடைகள் இருந்த காலத்துக் கொக்கிகள் இன்னும் தொங்கும். எல்லோரும் அண்ணாந்து பார்த்துக்கொண்டே நடப்பார்கள், கீழேயோ ஈரமான உருண்டைக் கல். ஊஸ் நதிக்கரை குளிர்காலத்தில் அடிக்கடி தண்ணீருக்குள் போய்விடும், அந்தப் பக்கம் எதையும் திட்டமிடாதீர்கள். உலர்ந்த காலுறை ஒரு ஜோடி பையில் இருக்கட்டும். நான் எப்போதும் இரண்டு ஜோடி எடுத்துப்போவேன். இரண்டாவது ஜோடி ஒவ்வோர் ஆண்டும் மேலாளருக்குத்தான் போனது.