ஏரி பச்சையாகிவிட்டது, கொதிக்க வைத்துக் குடிக்கலாமா?

கேள்வி: எங்கள் குடியிருப்புக்குத் தண்ணீர் தரும் ஏரி பத்து நாளாகப் பச்சை பெயிண்ட் கொட்டியது போல் கிடக்கிறது. கொதிக்க வைத்தால் போதுமா? மருந்து போட்டால் இரண்டே நாளில் தெளிந்துவிடும் என்று ஒருவர் வந்து கேட்கிறார். சம்மதிக்கலாமா?

பதில்: கொதிக்க வைத்தும் குடிக்காதீர்கள். அந்த ஆளை ஏரிக்கரைப் பக்கமே விடாதீர்கள்.

நீங்கள் சொல்வதைப் பார்த்தால் அது நீலப்பச்சைப் பாசி. பெயர்தான் பாசி, உண்மையில் பாக்டீரியா. அதில் மைக்ரோசிஸ்டின் என்ற கல்லீரல் நஞ்சு இருக்கக்கூடும். கொதிக்கிற சூட்டுக்கு அது அழியாது. பாசியின் செல் உடைந்து நஞ்சு நீரில் கலக்கும், நீர் சுண்டச் சுண்ட அடர்த்தியும் ஏறும். 2014 ஆகஸ்டில் அமெரிக்காவின் டொலிடோ நகரக் குழாய்த் தண்ணீரில் இது தெரியவந்தபோது, குடிக்காதீர்கள் என்றதோடு கொதிக்கவும் வைக்காதீர்கள் என்றே மக்களிடம் சொன்னார்கள்.

இப்போது அந்த 'மருந்து'. பெரும்பாலும் மயில்துத்தமாகத்தான் (காப்பர் சல்பேட்) இருக்கும். போட்டால் பாசி சாகும், தண்ணீர் பளிச்சென்று தெளியும், வந்தவர் பணத்தை வாங்கிக்கொண்டு போய்விடுவார். ஆனால் பாசி உயிரோடு இருக்கும்வரை நஞ்சில் பெரும்பகுதி அதற்குள்ளேயே அடைந்து கிடக்கும்; பாசியை வடிகட்டினால் அதுவும் கூடவே போகும். பாசி செத்துவிட்டால் நஞ்சு நீரில் கரைந்துவிடும், மணல் வடிகட்டியில் நிற்காது. 1979-இல் ஆஸ்திரேலியாவின் பாம் தீவில் குடிநீர்த் தேக்கத்தில் இப்படித்தான் மயில்துத்தம் போட்டார்கள். சில நாட்களில் 148 பேர், பெரும்பாலும் குழந்தைகள், வாந்தியும் கல்லீரல் வீக்கமுமாக நோயில் விழுந்தார்கள். அங்கே இருந்தது இதே வகைப் பாசியின் வேறொரு நஞ்சு. தெளிந்த தண்ணீரைப் பார்த்து ஏமாறாதீர்கள் என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதனால்தான்.

சரி, பச்சையெல்லாம் நஞ்சா? இல்லை. கையுறை போட்டுக்கொண்டு ஒரு குச்சியை விட்டு எடுங்கள். தலைமுடி போல இழை இழையாகத் தொங்கினால் அது சாதாரணப் பச்சைப்பாசி. பெயிண்டில் தோய்த்தது போல் குச்சி முழுக்கப் பூசிக்கொண்டு வந்தால் சந்தேகப்படுங்கள். இன்னொன்றும் செய்யலாம். கண்ணாடி பாட்டிலில் முக்கால்வாசி பிடித்து, ஆட்டாமல் ஓர் இரவு ஃப்ரிட்ஜில் வையுங்கள். நீலப்பச்சைப் பாசிக்குள் காற்றறைகள் உண்டு, அதனால் காலையில் மேலே பச்சை வளையமாகக் கட்டியிருக்கும். மற்றவை பெரும்பாலும் அடியில் படியும். இது பாசி எது என்று ஊகிக்கத்தான். நஞ்சு உண்டா இல்லையா என்று சொல்லாது.

அதைப் பரிசோதனைக்கூடம்தான் சொல்ல வேண்டும். அங்கேதான் எனக்கு ஆத்திரம் வருகிறது. மைக்ரோசிஸ்டினுக்கு லிட்டருக்கு 1 மைக்ரோகிராம் என்று உலக சுகாதார நிறுவனம் 1998-லேயே வரம்பு சொல்லிவிட்டது. ஆனால் வழக்கமான பரிசோதனையில் உப்பு, கடினத்தன்மை, கிருமி இவற்றைப் பார்த்துவிட்டு 'குடிக்க உகந்தது' என்று முத்திரை குத்திவிடுகிறார்கள். மைக்ரோசிஸ்டின் என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். கேட்காவிட்டால் யாரும் பார்க்க மாட்டார்கள்.

முடிவு வரும்வரை குடிக்கவும் சமைக்கவும் வேறு இடத்துத் தண்ணீர்தான். வீட்டு ஃபில்டரை நம்ப வேண்டாம். மாடு, நாய் எதையும் ஏரியில் இறங்க விடாதீர்கள்.

உங்களில் யாராவது டயாலிசிஸ் செய்துகொள்கிறவராக இருந்தால், அந்த மையத்துக்கு இன்றைக்கே போன் செய்து ஏரியின் நிலையைச் சொல்லுங்கள். டயாலிசிஸுக்குப் பயன்படும் தண்ணீர் வழியாக நோயாளிக்கு நஞ்சு வயிற்றைத் தொடாமல் நேரே ரத்தத்தில் கலக்கும். 1996-இல் பிரேசிலின் கருவாரு நகரில் ஒரே டயாலிசிஸ் மையத்தில் 50-க்கும் மேற்பட்டவர்கள் அப்படித்தான் இறந்தார்கள்.